முந்திப் போட்ட ஊசியும் பிந்திப் போட்ட ஊசியும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் மகனுக்கு ஏழு மாதம் முடிந்திருக்கிறது. பிறந்த அன்று போட வேண்டிய தடுப்பூசிகளும், ஒன்றரை மாத ஊசியும் நாள் தவறாமல் போட்டோம். அப்புறம் என் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் குழந்தையோடு ஊருக்குப் போய்விட்டேன். இரண்டரை மாதத்தில் போட வேண்டியதை ஐந்தாம் மாதம்தான் போட முடிந்தது. மூன்றாவது தவணை இன்னும் பாக்கி. நடுவில் விட்டுப்போனதால் முதல் ஊசி வேலை செய்யாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மாமியாரோ, "தள்ளித்தான் போச்சே, ஒரு வயசு ஆகட்டும், உடம்பு தேறட்டும், தாய்ப்பால் குடிக்கிறான்ல" என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை அவள் குழந்தைக்கு 2, 4, 6 மாதங்களில் போட்டாள். தட்டம்மைக்கான அம்மை ஊசியை அங்கே ஒரு வயதில்தான் போடுகிறார்களாம். நம் ஊரில் ஏன் இவ்வளவு அவசரம்? இன்னொன்று, மகனுக்கு ஒன்பது மாதம் முடியும் சமயம் ஊரில் கும்பாபிஷேகம். ஒரு மாதம் அங்கேதான் இருப்போம். அம்மை ஊசியை எட்டரை மாதத்திலேயே இங்கே போட்டுக்கொண்டு கிளம்பலாமா? இப்போது அவனுக்கு லேசான சளி வேறு இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். உங்கள் மகனுக்குப் போட்ட எந்த ஊசியும் வீணாகவில்லை. எதையும் முதலிலிருந்து போட வேண்டாம். மூன்றாவது தவணையை இந்தப் புதன்கிழமையே போட்டுவிடலாம். லேசான சளி அதற்குத் தடை இல்லை. எட்டரை மாதத்தில் அம்மை ஊசி மட்டும் வேண்டாம்.

நீங்கள் கேட்டவை நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் எல்லாம் ஒரே கேள்விதான்: ஊசி போடும் நாள் முன்னே பின்னே ஆனால் உடம்புக்குள் என்ன ஆகும்? மூன்று நிமிட ஓ.பி.யில் இதைச் சொல்லி முடிக்க முடியாது. சனிக்கிழமைகளில் நூறு குழந்தைகள் வரிசையில் நிற்கும்போது, "லேட்டாயிடுச்சு, சரி, அடுத்த தேதிக்கு வாங்க" என்று நானே அனுப்பியிருக்கிறேன். அதற்கும் சேர்த்து இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் தொடங்கலாம். இந்தப் பேச்சு அவரோடு நிற்பதில்லை. மருத்துவத் துறையிலேயே சிலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு குழந்தைக்கு மூன்று தவணையும் மறுபடி போடச் சொல்லி அனுப்பி, அந்தத் தாய் அழுதுகொண்டே என்னிடம் வந்தது நினைவிருக்கிறது.

ஊசி போட்ட பிறகு வேலை நடக்கும் இடம் தொடை இல்லை, பக்கத்தில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள். காலில் காயம் பட்டால் அடித்தொடையில் நெறி கட்டுகிறதே, அந்த இடம்தான். அங்கே பி செல்கள் என்று ஒரு வகை வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. ஊசியில் வந்த கிருமித் துண்டுக்குப் பொருத்தமாக எதிர்ப்புப் பொருள் செய்யத் தெரிந்தவை மட்டும் பெருகும். பெருகும்போதே தங்களைத் திருத்திக்கொண்டும் போகும். சரியாகப் பொருந்துபவை தங்கும், மற்றவை கழியும். இந்தத் தேர்வு முடிய வாரக்கணக்கில் ஆகும். நன்றாகப் பழுத்துத் தேற ஐந்தாறு மாதம்கூடப் பிடிக்கும். கடைசியில் தேறியவற்றில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜையில் போய் உட்கார்ந்துகொண்டு எதிர்ப்புப் பொருளைச் சுரந்தபடி இருக்கும். இன்னொரு பகுதி நினைவுச் செல்களாக உடம்பு முழுக்கச் சுற்றிவரும்.

இரண்டாவது தவணை வேலை செய்வது இந்த நினைவுச் செல்களின் மேல்தான். அவை தயாராவதற்குள் அடுத்த ஊசியைப் போட்டால், எழுப்ப ஆள் இருக்காது. முதல் ஊசிக்கு அவசரமாகச் சுரந்த எதிர்ப்புப் பொருள் அப்போது இரத்தத்தில் நிறைந்திருக்கும். புதிதாக வந்த மருந்தை அதுவே துடைத்து எடுத்துவிடும். அதனால்தான் குழந்தைப் பருவத்தின் முதல் மூன்று தவணைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம், கடைசித் தவணைக்கும் பிறகு வலுவூட்டப் போடும் பூஸ்டருக்கும் நடுவே குறைந்தது ஆறு மாதம் என்று வைத்திருக்கிறார்கள்.

மாவடு போட்டிருப்பீர்கள். ஊறுவதற்கு முன் எடுத்துக் கடித்தால் வடு வடுவாகவே இருக்கும். ஊறிய பிறகு ஒரு மாதம் கழித்து ஜாடியைத் திறந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. தடுப்பூசி இடைவெளியும் கிட்டத்தட்ட அப்படித்தான். நான்கு வாரத்துக்குள் போட்ட ஊசி கணக்கில் வராது. நான்கு வாரம் என்பது நான்கு மாதமாகிவிட்டால், நினைவுச் செல்கள் அங்கேயேதான் காத்திருக்கும்.

நினைவுச் செல்கள் எத்தனை நாள் காத்திருக்கும் என்று கேட்பீர்கள். 1846இல் வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் அங்கே போய்ப் பார்த்தார். தீவுகளில் முக்கால்வாசிப் பேர் படுத்துவிட்டார்கள். ஆனால் 1781இல் வந்த முந்தைய பரவலில் நோய் கண்டு பிழைத்த முதியவர்கள் ஒருவருக்கும் இந்த முறை வரவில்லை. 65 ஆண்டுகள் அந்தக் கிருமியைக் கண்ணால் பார்க்காத உடம்பு அதை மறக்கவில்லை. தடுப்பூசி எல்லாமே இவ்வளவு நீண்ட நினைவைத் தரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாதம் தள்ளிப்போனதற்கெல்லாம் அது அழிந்துவிடாது.

அக்கா சொன்னதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு இரண்டாவது தவணை தாமதமானதால் எதிர்ப்புச் சக்தி குறையாது. அளந்து பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வாய்ப்பு உண்டு. இடைவெளி அதிகமானால் எதிர்ப்புப் பொருளின் அளவு பொதுவாக உயரத்தான் செய்யும்.

இதை நாம் எல்லோரும் ஒரு முறை அனுபவித்திருக்கிறோம். 2021 தொடக்கத்தில் கோவிஷீல்டு இரண்டு தவணைக்கு நடுவே நான்கு வாரம் என்றார்கள். மார்ச்சில் அது ஆறு முதல் எட்டு வாரமானது. மே மாதம் 12 முதல் 16 வாரம் என்றார்கள். ஊசித் தட்டுப்பாட்டை மறைக்கத்தான் இப்படித் தள்ளுகிறார்கள் என்று டீக்கடை முழுக்கப் பேச்சு. தட்டுப்பாடு இருந்தது உண்மைதான். ஆனால் இடைவெளி கூடினால் எதிர்ப்புப் பொருள் கூடுகிறது என்று ஆய்வுகளில் தெரிந்ததும் உண்மை. வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டில் இடைவெளியை நீட்டிய அதே வாரம் பிரிட்டனில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 12 வாரத்திலிருந்து எட்டு வாரமாகக் குறைத்தார்கள். கொரோனாவின் டெல்டா வகை அங்கே நுழைந்துகொண்டிருந்தது. ஒரே ஊசிதான், ஒரே அறிவியல்தான். நோய் வாசலில் நிற்கும்போது, கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் கிடைக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள்.

உங்கள் தங்கையின் சிங்கப்பூர் அட்டவணைக்கும் நம் அட்டவணைக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். 2, 4, 6 மாதம் என்று இரண்டு மாத இடைவெளி விட்டுப் போட்டால் எதிர்ப்புப் பொருள் நன்றாக ஏறும். 6, 10, 14 வாரம் என்று நம் ஊர்போல நெருக்கிப் போட்டால் ஒவ்வொரு தவணைக்கும் ஏறும் அளவு கொஞ்சம் குறைவு. ஆனால் பதினான்கு வாரத்தில் மூன்று தவணையும் முடிந்துவிடும். சிங்கப்பூர்க் குழந்தை அந்த வயதில் ஒரு தவணையோடு இருக்கும்.

இந்த அவசரம் எதற்கு என்பது கக்குவான் இருமலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய பிள்ளைகள் இருமி இருமி, கடைசியில் கூவுவதுபோல் மூச்சை இழுப்பார்கள். இரண்டு மாதக் குழந்தைக்கு இருமக்கூடத் தெம்பு இருக்காது, மூச்சை நிறுத்திவிடும். நான் வார்டில் இருந்த காலத்தில் ஒன்பது வாரக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒன்றரை மாத ஊசி போடவில்லை. பாட்டிக்கு ஒரு மாதமாக இருமல். குழந்தை பால் குடிக்கும், நீலம் பாரித்துப்போகும், நாங்கள் முதுகில் தட்டி, ஆக்ஸிஜன் கொடுத்து மூச்சைத் திருப்புவோம். ஒரு இரவில் எத்தனை முறை என்று கணக்கு வைக்க முடியவில்லை. பதினெட்டாம் நாள் பிழைத்து வீட்டுக்குப் போனது. கக்குவான் இருமலில் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள் இருப்பவர்கள். அந்த வயதில் நூற்றுக்கு நூறு எதிர்ப்புச் சக்திக்காகக் காத்திருக்க முடியாது. கிடைத்த அறுபது எழுபதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிரிட்டனும் ஒரு காலத்தில் 3, 5, 10 மாதம் என்று நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்த நாடுதான். 1990இல் அதை 2, 3, 4 மாதமாக மாற்றினார்கள். குழந்தை சீக்கிரம் பாதுகாப்புக்குள் வந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அது தெரியப் பத்து ஆண்டு ஆயிற்று.

1992இல் அதே 2, 3, 4 மாத அட்டவணையில் ஹிப் என்ற கிருமிக்கான ஊசியையும் சேர்த்தார்கள். மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் கிருமி அது. நம் ஊர்ப் பென்டா ஊசியில் இருக்கும் ஐந்தில் ஒன்று. நோய் சரசரவென்று இறங்கியது. அதனால் பூஸ்டர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். 1999 வாக்கில் நோய் மெல்ல ஏறத் தொடங்கியது. மூன்று தவணையும் ஒழுங்காகப் போட்ட குழந்தைகளுக்கே வந்தது. காரணங்கள் பல. கிடைத்த ஒரு கூட்டு ஊசியில் ஹிப் பகுதி சற்றுப் பலவீனமாக இருந்தது. ஆரம்பத்தில் பெரிய பிள்ளைகளுக்கும் ஒரே வீச்சில் போட்டதால் கிடைத்த பலனும் தேய்ந்திருந்தது. முக்கியமான காரணம், சின்ன வயதில் நெருக்கிப் போட்டுக் கிடைத்த எதிர்ப்பு இரண்டாவது வயதில் வடிந்துபோனது. 2003இல் குழந்தைகளுக்கெல்லாம் கூடுதல் தவணை போட்டார்கள். 2006இலிருந்து ஒரு வயதில் பூஸ்டர் நிரந்தரமானது.

ஒன்றரை வயது பூஸ்டரைப் பலர் "நடக்க ஆரம்பிச்சுட்டான், இனி என்ன" என்று விட்டுவிடுகிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கதை. முதல் மூன்று ஊசி சீக்கிரம் கிடைக்கும் பாதுகாப்புக்காக. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டர் நீடித்து நிற்பதற்காக. நெருக்கிப் போடும் அட்டவணையை ஏற்றுக்கொண்ட நாடு பூஸ்டரை விடவே கூடாது. நம் அரசு பூஸ்டரில் ஹிப் இல்லையே என்று விவரம் தெரிந்த அப்பாக்கள் சிலர் கேட்பார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் ஹிப் பெரும்பாலும் முதல் வயதிலேயே தாக்குவதால் முதல் மூன்று தவணையோடு நிறுத்தியிருக்கிறார்கள். தனியார் மருத்துவர்கள் ஹிப் சேர்ந்த பூஸ்டரைப் போடுவதும் உண்டு. இரண்டிலும் தப்பில்லை.

உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். குழந்தை மேல் இருக்கும் அக்கறையில்தான் சொல்கிறார், அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உடம்பு தேறட்டும் என்பதில் ஒரு பாதி உண்மைகூட இருக்கிறது. வயது கூடக்கூட குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் நன்றாகத்தான் பதில் சொல்லும். ஆனால் தேறும் வரை கிருமி காத்திருக்காது. பிந்திப் போடும் ஊசி கெட்டுப்போவதில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? அதன் மறுபக்கம் இது. ஊசி போடாத ஒவ்வொரு வாரமும் குழந்தை கதவில்லாத வீட்டில் தூங்குகிறது. உங்கள் மகன் ஒரு தவணையோடு மட்டும் மூன்றரை மாதம் அப்படி இருந்தான். ஒன்றும் ஆகவில்லை, நல்லது. இன்னும் ஐந்து மாதம் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டாம்.

தாய்ப்பால் பற்றி. கொடுத்துக்கொண்டே இருங்கள், வயிற்றுப்போக்கு, சளி இரண்டுக்கும் அதைவிடக் காவல் இல்லை. ஆனால் தாய்ப்பாலில் வரும் எதிர்ப்புப் பொருள் பெரும்பாலும் குழந்தையின் வாய், தொண்டை, குடல் ஓரத்தில் நின்று வேலை செய்வது. இரத்தத்துக்குள் இருந்து காப்பாற்றும் எதிர்ப்புப் பொருள் வேறு. அதை நீங்கள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் நஞ்சுக்கொடி வழியாகவே கொடுத்தனுப்பிவிட்டீர்கள். அது சீதனம் மாதிரி, ஒரு முறைதான் வரும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் கரைந்துகொண்டே போகும். ஏழு மாதக் குழந்தையிடம் அதில் மிச்சம் கொஞ்சம்தான்.

இந்தச் சீதனம்தான் அம்மை ஊசியின் தேதியை முடிவு செய்கிறது. பென்டா ஊசியில் இருப்பது கிருமியின் துண்டுகளும், நஞ்சு நீக்கிய பொருள்களும், கொல்லப்பட்ட கிருமிகளும். அம்மை ஊசியில் இருப்பது உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ். அது குழந்தையின் உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் எதிர்ப்பு உருவாகும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் மிச்சமிருந்தால், எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அந்த ஊசி வைரஸை அங்கேயே பிடித்து முடித்துவிடும். ஊசி போட்ட மாதிரியும் இருக்கும், போடாத மாதிரியும் இருக்கும். அட்டையில் மட்டும் டிக் விழுந்திருக்கும். அந்த டிக்தான் ஆபத்து, ஏனென்றால் அதை நம்பி நாம் நிம்மதியாக இருந்துவிடுவோம்.

அமெரிக்காவில் 1963இல் தட்டம்மை ஊசி வந்தபோது ஒன்பது மாதத்தில்தான் போட்டார்கள். ஊசி பிடிக்காமல், அதாவது எதிர்ப்பு உருவாகாமல் போன குழந்தைகள் அதிகம் என்று தெரிந்து 1965இல் 12 மாதத்துக்கு நகர்த்தினார்கள். 1976இல் 15 மாதமாக்கினார்கள். ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றில் ஏறக்குறைய 85 குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஒரு வயதுக்கு மேல் போட்டால் 95 பேருக்குப் பிடிக்கும். சிங்கப்பூர் ஒரு வயதில் போடுவது இதனால்தான். அங்கே தட்டம்மை அரிது. மூன்று மாதம் கூடுதலாகக் காத்திருந்து நல்ல பலனை வாங்கிக்கொள்ள அவர்களால் முடிகிறது.

நம் ஊரில் ஒரு வயதுக்கு முன்பே தட்டம்மை வருகிறது. சின்னக் குழந்தைக்கு வந்தால் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து படுத்தும். உங்கள் மாமியார் இதை மணல்வாரி என்று சொல்லக்கூடும். அவர் காலத்தில் வாசலில் வேப்பிலை கட்டிய வீடுகள் எத்தனை, அதில் எத்தனை வீட்டில் குழந்தை எழுந்து நடந்தது என்று ஒரு நாள் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அவரிடமே பதில் இருக்கும்.

இதில் இன்னொரு சங்கதி. அவர் தலைமுறை அம்மாக்கள் பலருக்குத் தட்டம்மையே வந்து போயிருக்கும். அதனால் அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த சீதனம் கனமானது. நம் நாட்டில் தட்டம்மை ஊசி 1985இல் அரசுத் திட்டத்துக்குள் வந்தது. உங்கள் வயதுப் பெண்கள் பலர் நோயைப் பார்க்காமல் ஊசி மட்டும் போட்டு வளர்ந்தவர்கள். ஊசியால் வரும் எதிர்ப்புப் பொருளின் அளவு நோயால் வருவதைவிடக் குறைவு. பிள்ளைக்குப் போவதும் குறைவு, சீக்கிரமே தீர்ந்தும்விடும். ஆக உங்கள் மகன் அவன் அப்பாவைவிட இளம் வயதிலேயே வெறுங்கையோடு நிற்கிறான். ஒரு வயது வரை காத்திருக்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் போகும் அந்தப் பதினைந்து பேருக்காகத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது தவணை. இதைப் பூஸ்டர் என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. உண்மையில் முத்தடுப்பு பூஸ்டரும் இதுவும் வேறு வேறு. அம்மை ஊசி முதல் தடவை பிடித்தவர்களுக்கு இரண்டாவது பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. பிடிக்காதவர்களுக்கு இதுதான் முதல் ஊசி. யாருக்குப் பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது என்பதால் எல்லோருக்கும் போடுகிறோம்.

சரி, எட்டரை மாதம். பதினைந்து நாள்தானே என்று தோன்றும். ஆனால் மேலே சொன்ன கணக்கில், முந்தும் ஒவ்வொரு வாரமும் ஊசி பிடிக்காமல் போகும் வாய்ப்பு கூடும். ஒன்பது மாதம் முடிவதற்கு முன் போட்ட அம்மை ஊசியை அட்டவணைக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் தட்டம்மை பரவும்போது மட்டும் ஆறு மாதத்திலிருந்தே போடச் சொல்வது உண்டு. அப்போதும் அது ஒப்புக்கு ஒரு தவணைதான். ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் மறுபடி போட்டாக வேண்டும்.

பிந்தினாலும் பரவாயில்லை என்று இவ்வளவு தூரம் சொன்ன பிறகு, அந்தச் சலுகை இல்லாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி ஊசி. தாயின் இரத்தத்தில் அந்த வைரஸ் இருந்தால் பிரசவத்தின்போதே குழந்தைக்குத் தொற்றிவிடலாம். அப்படித் தொற்றும் குழந்தைகளில் நூற்றுக்கு 90 பேரிடம் அது ஆயுசுக்கும் தங்கி ஈரலைக் கெடுக்கக்கூடும். அங்கே மணிக்கணக்கு முக்கியம். உங்கள் மகனுக்கு அது முடிந்துவிட்டது. இரண்டாவது, ரோட்டா சொட்டு மருந்து. மிக அரிதாகக் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும் பிரச்சினை வரலாம் என்பதால் அதற்கு வயது வரம்பு உண்டு. ஒரு வயதுக்குள் முதல் தவணை கொடுத்திருந்தால் மீதியை முடிக்கலாம் என்பது அரசு விதி. எட்டு மாதத்துக்கு மேல் வேண்டாம் என்பது தனியார் குழந்தை மருத்துவர்கள் பின்பற்றும் விதி. உங்கள் மகனுக்கு ஏழுதான், எந்த விதிப்படி பார்த்தாலும் சரி. ஆனால் இன்னொரு மாதம் தள்ளினால் இரண்டு பேரிடம் இரண்டு பதில் கேட்டுக் குழம்புவீர்கள்.

ஆகவே இந்தப் புதன்கிழமை அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மூன்றாவது பென்டா, போலியோ சொட்டு, ரோட்டா இவற்றோடு, நிமோனியா ஊசியிலும் தோலில் போடும் போலியோ ஊசியிலும் என்ன பாக்கி என்று நர்ஸம்மா அட்டையைப் பார்த்துச் சொல்வார். ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி குத்துகிறார்களே என்று கலங்காதீர்கள். தரையில் தவழ்ந்து கண்டதை வாயில் வைக்கும் குழந்தை ஒரு நாளில் சந்திக்கும் கிருமிகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. நிமோனியா ஊசியின் பூஸ்டருக்கு முந்தைய தவணையிலிருந்து எட்டு வார இடைவெளி வேண்டும். இந்த வாரம் போட்டால் ஒன்பது மாதம் முடியும்போது அதுவும் சரியாக வந்துவிடும். தள்ளினால் அதுவும் சேர்ந்து தள்ளும்.

ஊசி போடும் முன்பே காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டுக் கூட்டிப்போகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது வேண்டாம். 2009இல் வெளியான ஒரு செக் நாட்டு ஆய்வில், காய்ச்சல் வருவதற்கு முன்பே பாராசிட்டமால் கொடுத்த குழந்தைகளுக்கு எதிர்ப்புப் பொருள் குறைவாக உருவானது தெரிந்தது. காய்ச்சல் வந்து குழந்தை சிணுங்கினால் எடைக்கேற்ற அளவு கொடுங்கள், அளவை நர்ஸம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய், மஞ்சள், ஒத்தடம் எதுவும் தேவையில்லை. இப்போது இருக்கும் சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம். நல்ல காய்ச்சல் அடித்து, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் மட்டும் தேறும் வரை பொறுக்கலாம்.

கும்பாபிஷேகத்துக்கு நிம்மதியாகப் போய்வாருங்கள். அம்மை ஊசியை ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். பதிவு திருப்பூரில், பிரசவம் வேறு இடத்தில் என்று எந்த ஊர்ச் சுகாதார நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது. தடுப்பூசி அட்டையைப் புடவைகளோடு முதல் ஆளாகப் பெட்டியில் வைத்துவிடுங்கள். முன்னெச்சரிக்கையாக அதை ஒரு போட்டோ எடுத்து உங்கள் கைப்பேசியிலும் அவன் அப்பா கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் அங்கே எந்தக் கிழமை ஊசி போடுகிறார்கள் என்று கேட்டுவைத்து, ஒன்பது மாதம் முடிந்த பிறகு வரும் முதல் ஊசி நாளில் தூக்கிக்கொண்டு போங்கள். அன்றைக்கே வைட்டமின் ஏ சொட்டும் கொடுப்பார்கள். இனிப்பாக இருக்கும், அதற்கு அழ மாட்டான்.